பள்ளிக்கூடத்துக் காவலும் பொக்கிஷத்துப் பணமும்

கள்ளுக்கடையை மூடுவதற்கு என்ன செலவாகும்? ஒரு பூட்டின் விலைதானே என்று சொல்லத் தோன்றும். பொக்கிஷத்தைப் பரிபாலிக்கிறவர்களைக் கேட்டால்தான் அது எவ்வளவு பெரிய செலவென்று தெரியும். 1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. நமது தர்மபுரி அப்போது அந்தச் சேலத்துக்குள் அடங்கியிருந்தது; தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1965-ல்தான். பிரதம மந்திரியாயிருந்த ராஜாஜி, போகிற வருமானம் போகட்டும் என்று விட்டதோடு நிற்கவில்லை. 1939-ல் விற்பனை வரி என்ற புதிய வரியைக் கொண்டுவந்து, பொக்கிஷத்தில் விழுந்த துண்டை அடைக்கப் பார்த்தார். அந்த வரியை நாம் இன்றைக்கும் பெயரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். மதுவிலக்குத்தான் போய்விட்டது!

அந்தப் பரீக்ஷையில் இன்னொரு விசேஷமும் உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் முதல் வருஷத்துப் பலனை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சர்க்கார் ஒரு காரியத்துக்காகப் பணத்தை இழந்தது; இழந்ததற்கு என்ன கிடைத்தது என்று கணக்கும் பார்த்தது.

இந்தப் பழங்கதையை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாணாக்கரைப் போதையிலிருந்தும், அடிதடியிலிருந்தும், ஜாதித் துவேஷத்திலிருந்தும் காக்கவேண்டும் என்பதில் இன்று யாருக்கும் அபிப்பிராய பேதமில்லை. 2022-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி தமிழ்நாடெங்கும் பிள்ளைகள் வரிசையில் நின்று போதைக்கு எதிராகப் பிரதிக்ஞை செய்தார்கள். பள்ளிகளில் போதை ஒழிப்பு மன்றங்களும் ஏற்பட்டன. நல்ல காரியமே. ஆனால் பிரதிக்ஞைக்குச் செலவு கிடையாது. மன்றத்துக்குப் பொறுப்பாளர் யார்? விஞ்ஞானப் பாடம் நடத்தும் உபாத்தியாயரே. அவர்தான் வாக்காளர் ஜாபிதாவைச் சரிபார்க்கிறார். உபகாரச் சம்பளத்துக்கு விவரம் சேர்க்கிறார். இணையதளத்தில் வருகைப் பதிவும் செய்கிறார். மிஞ்சுகிற பொழுதில் அவர் போதையை ஒழிக்கவேண்டும்.

போதை என்றதும் நேயர்கள் கஞ்சாவை நினைக்கலாம். நமது வகுப்பறையில் நாம் அடிக்கடி காண்பது அதைவிடச் சிறியது. கட்டைவிரல் நகத்தளவு பொட்டலம். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிக்கொண்டால் வாத்தியார் கண்ணுக்குத் தெரியாது. புகையில்லை, வாசனையும் அதிகமில்லை. 'கூல் லிப்' என்பது பையன்களிடையே வழங்கும் பெயர். குட்கா வகைகளைத் தமிழ்நாடு 2013-லேயே தடை செய்தது. பள்ளிக்கு நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கலாகாது என்ற மத்திய சட்டமோ 2003-ல் வந்தது. சட்டத்துக்குக் குறைவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலை நமது ஜில்லாவின் நடுவே ஓடுகிறது; காரிமங்கலத்திலும் தொப்பூரிலும் மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டேயிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை நாம் தனியே அழைத்து விசாரித்தோம். தாயும் தகப்பனும் பெங்களூரில் கட்டட வேலை; வீட்டில் பாட்டி மட்டும். "பாட்டிக்குக் கண்ணு தெரியாதுங்க சார். ராத்திரி தூக்கம் வராது. இதைப் போட்டா ஒண்ணும் தோணாது" என்றான். இம்மாதிரி பிள்ளைகள் நமது ஜில்லாவில் அநேகர். இவனுக்குச் சுவரொட்டியால் என்ன பயன்? வாரத்தில் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். நாம் பேசலாம், பேசவும் செய்தோம். ஆனால் மணி அடித்துவிடுகிறது. அடுத்த வகுப்பில் நாற்பத்தைந்து பேர் காத்திருக்கிறார்கள்.

ஜாதித் துவேஷத்தின் கதை இன்னும் கடினம். 2012-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி, ஒரு கலப்பு மணத்தைக் காரணமாக வைத்து, தர்மபுரிக்கு அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடினார்கள், கொளுத்தினார்கள். எரிந்தவற்றில் பிள்ளைகளின் புத்தகங்களும் சர்ட்டிபிகேட்டுகளும் உண்டு. எரித்த ஊர்ப் பிள்ளையும் எரிந்த ஊர்ப் பிள்ளையும் பிறகு ஒரே பெஞ்சில் உட்காரவேண்டியவர்கள்தானே? வீட்டுக்கு நஷ்டஈடு உண்டு. அந்தப் பெஞ்சுக்கு என்ன தலைப்பில் பணம் ஒதுக்குவது?

போலீஸ் அதிகாரியை அழைத்துப் பிரசங்கம் செய்விப்பது வழக்கம். அரூர்ப் பக்கத்தில் அது எளிதன்று. 1992-ல் வாச்சாத்தி கிராமத்தில் 18 பெண்களுக்கு இழைத்த கொடுமைக்காகவும் மற்ற அட்டூழியங்களுக்காகவும், 2011-ல் உயிரோடிருந்த 215 சர்க்கார் ஊழியர்களையும் கோர்ட்டு குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. வனத்துறையார், போலீஸார், ரெவினியூ இலாகாவினர் எல்லாரும் அதில் அடக்கம். 2023-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதிப்படுத்திற்று. காக்கிச் சட்டையைக் கண்டால் அப்பகுதிக் குழந்தை மௌனமாகிவிடுவதற்கு நாம் அதைக் குறை கூற முடியுமா?

மாணாக்கர் மணிக்கட்டில் ஜாதிக்கொரு நிறமாய்க் கயிறு கட்டுவதைத் தடுக்கும்படி 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விடுத்தார். அது தமக்குத் தெரியாமல் வந்தது என்று மந்திரியே சொல்லிவிட்டார். நான்கு வருஷம் கழிந்தது. 2023 ஆகஸ்டு 9-ந் தேதி நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை விசாரிக்கச் சொல்லிற்று. அவர் 2024 ஜூன் 18-ந் தேதி அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் ஜாதி கூடாது, கயிறு கூடாது, அகர வரிசைப்படி உட்காரவையுங்கள் என்பவை பத்திரிகைகளில் பெரிதாக வெளிவந்தன. விவாதமும் பலமாக நடந்தது. 500 மாணாக்கருக்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்ற யோசனையை அத்தனை பேர் கவனிக்கவில்லை. நமது அபிப்பிராயத்தில் அறிக்கையின் உயிர் அதுதான். மற்றவற்றுக்கு உத்தரவு போதும். இதற்குச் சம்பளம் வேண்டும்.

2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். மகிழ்ச்சி. பெயர்ப் பலகைக்குப் பெயிண்டுச் செலவோடு முடிந்தது.

நேயர்களோடு சேர்ந்து ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல அலுவலருக்கு மாதம் ஐம்பதினாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஆறு லட்சம். நூறு பள்ளிகளுக்கு ஆறு கோடி. 2024-25-ல் மதுக்கடைகளால் சர்க்காருக்கு வந்த வருமானம் 48,344 கோடி. அந்த வருஷத்துப் பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 44,042 கோடி. மது வருமானத்தை நாளுக்கு வகுத்தால் சுமார் 132 கோடி. கடை திறந்திருப்பது நண்பகல் 12 முதல் இரவு 10 வரை, பத்து மணி நேரம். ஆக, நூறு பள்ளிகளின் ஒரு வருஷத்துக் காவல், அரை மணி நேர மது வருமானத்துக்குக் குறைவு!

மத்திய சர்க்காரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க நியாயமில்லை. சமக்ர சிக்ஷா திட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு டில்லியுடையது. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25-க்குரிய 2,152 கோடி வராமல் நின்றது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2025-ல், வட்டியும் சேர்த்து 2,291 கோடி கேட்டுச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கொள்கைச் சண்டை பெரியோர்களுக்குள் நடக்கட்டும். நமது ஒன்பதாம் வகுப்புப் பையன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டவனல்லன்.

தர்மபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று நமது ஜில்லாவுக்குச் சட்டசபையில் ஐந்து ஸ்தானங்கள். அடுத்த பட்ஜெட் வாசிக்கும் தினத்தில் அந்த ஐவரும் எழுந்து, தங்கள் தொகுதியில் எத்தனை பள்ளிக்கு நல அலுவலர், அவருக்குச் சம்பளம் எந்த இனத்தில் என்று கேட்கட்டும். வருஷக் கடைசியில் பேராசிரியர் தாமஸைப் போல் ஒருவரை அனுப்பிப் பலனையும் எழுதி வாங்கட்டும். அதுவரையில், 14417 என்ற டெலிபோன் எண்ணைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, அதை அழிக்காதே என்று வகுப்புத் தலைவனிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.