கூறு கறியும் கடைக் கறியும்

ஆடி வெள்ளிகளில் ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலைச் சுற்றியுள்ள தோப்புகளில் இன்றும் அடுப்புப் புகை எழுகிறது. அன்று மாட்டு வண்டியில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். நேர்ந்துவிட்ட ஆடும் கூடவே வருகிறது. அதை அறுக்கத் தெரிந்த கைதான் வீட்டில் இல்லை. கூலிக்கு ஆள் தேடுகிறார்கள்.

அது சாதாரண வேலையல்ல. ஆட்டை மரக்கிளையில் தலைகீழாகக் கட்டி, மயிர் கறியில் ஒட்டாமல் தோலை உரிக்க வேண்டும். ஈரலோடு இருக்கும் பித்தப்பையை உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் ஈரல் கசந்துவிடும். தலையையும் காலையும் தீயில் வாட்டிச் சுரண்டுவார்கள். குடலைத் திருப்பிப்போட்டு மஞ்சள் தேய்த்து அலசுவது பெண்கள் பாடு. ரத்தம் பொரியலாகும். மிஞ்சிய கறி உப்பும் மஞ்சளும் மிளகாயும் ஏறி, நூலில் கோக்கப்பட்டு, வெயிலில் காய்ந்து உப்புக்கண்டமாகும்.

தீபாவளிக்கும் கரிநாளுக்கும் பல வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு வாங்கும். இலையில் கூறு போடுவார்கள். தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் விழும். தராசு கிடையாது, கண்ணளவுதான். கையில் காசில்லாத வீடு அறுவடை முடிந்து கொடுக்கும். ஆனால் அந்தக் கூறு ஊர்த் தெருவோடு நின்றது. பறையடித்தவருக்கும் செத்த மாட்டைத் தூக்கியவருக்கும் போனது பெரும்பாலும் குடலும் தோலும்தான். அந்த அநியாயத்தை மறைத்துவிட்டுப் பழமையைப் புகழ எனக்கு மனமில்லை.

வேட்டைக்குப் போன சமூகங்களில் மானுக்கும் ஏறத்தாழ இதே கணக்குதான் இருந்தது: வீழ்த்தியவருக்குக் கூடுதல் பங்கு, மற்றது எல்லோருக்கும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. அது சரியான முடிவு. மான் ஜவ்வாது மலைக்காட்டுக்கு உரியது.

ஆட்டுக்கும் ஒருமுறை சட்டம் குறுக்கே வந்தது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003-இல் அரசு கடுமையாகச் செயல்படுத்தியது; மறு ஆண்டே அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. வீட்டு அறுப்பைக் குறைத்தது சட்டமல்ல, கறிக்கடை. அரைக் கிலோ கேட்டால் அரைக் கிலோ கிடைக்கிறது; யார் எந்தத் தெரு என்று தராசு கேட்பதில்லை. இதை நான் பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன். இழப்பும் உண்டு. எலும்பில்லாத கறியை மட்டும் கேட்கும் பிள்ளைகளுக்கு மண்ணீரல் எது, நுரையீரல் எது என்று தெரியவில்லை.

மலையடிவாரத்தில் யாராவது மான் கறி இருக்கிறது என்று சொன்னால் வாங்காதீர்கள். விற்பவரோடு வாங்குபவரும் குற்றவாளிதான். வரும் தீபாவளிக்கு நாலு வீடு சேர்ந்து ஓர் ஆடு வாங்குங்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அருகே நிறுத்திக் கூறு போடுங்கள். அந்த நாலு வீட்டில் ஒன்றாவது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருவின் வீடாக இருக்கட்டும்.