கப்பல் ரயில் இல்லை: உல்லாசக் கப்பலில் ஏறும் முன் நாம் செய்கிற தவறுகள்

ஆச்சிக்குக் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு ஆசைதான். இன்னொரு தடவை கொழும்பைப் பார்க்கணும். 1950-களில் கல்யாணமான புதுசில் தாத்தாவோடு போனவள். தாத்தாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதுகிற வேலை. திருநெல்வேலியிலிருந்து மதுரை, அங்கிருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார், மறுபடியும் ரயில். அந்தக் கதையை நாங்கள் நூறு தடவை கேட்டிருப்போம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984-ல் நின்றது.

2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்காட்டியா பிரின்ஸ்’ என்ற கப்பல் புறப்பட்டது. அன்றைய கப்பல் துறை அமைச்சர் ஜி.கே.வாசன் கொடியசைத்தார். சாயங்காலம் ஏறினால் காலையில் கொழும்பு. எங்கள் வீட்டிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டர்தான். ஆச்சி பேப்பரை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். நான் அப்போது பெங்களூரில் ஒரு ப்ராஜெக்டில் மாட்டியிருந்தேன். “பொங்கல் லீவுக்குப் போவோம் ஆச்சி, கப்பல் எங்க போயிரப் போகுது” என்றேன். நவம்பரிலேயே கப்பல் நின்றுவிட்டது. பொங்கல் வந்தது, கப்பல் வரவில்லை. 2014-ல் ஆச்சியும் போய்ட்டா.

அதன் பிறகுதான் கப்பல் பயணம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். ஸ்காட்டியா பிரின்ஸ் பயணிகள் கப்பல், உல்லாசக் கப்பல் என்பது வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் நாம் செய்கிற தவறு இரண்டிலும் ஒன்றுதான். கப்பலை நாம் நெல்லை எக்ஸ்பிரஸ் மாதிரி நினைக்கிறோம். டிக்கெட் எடுத்தாச்சு, அதில் போட்டிருக்கிற ஊருக்குப் போய்ச் சேரும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கும் ஓடும் என்று. கப்பல் டிக்கெட் அப்படி ஒரு வாக்குறுதியே கொடுப்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் 2022 ஜூனில் நடந்தது. சென்னையிலிருந்து ஒரு உல்லாசக் கப்பல் சேவையை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று வழித்தடம். கப்பலில் சூதாட்ட விடுதி இருக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்ப்பு கிளம்பி, அங்கே நிறுத்த அனுமதி கிடைக்கவில்லை. புதுச்சேரியைப் பார்க்கலாம் என்று ஏறியவர்கள் கடலிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் கம்பெனியைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எந்தக் கப்பல் கம்பெனியின் பயண ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தாலும் ஒரு ஷரத்து இருக்கும்: காற்று, அலை, துறைமுக அனுமதி, பாதுகாப்பு எதன் பேரிலும் கேப்டன் ஒரு ஊரை விட்டுவிடலாம், வரிசையை மாற்றலாம். பெரும்பாலும் அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். நானும் சாஃப்ட்வேர்காரன்தான், ‘ஐ அக்ரீ’ பொத்தானைப் படிக்காமல் அமுக்குகிற ஜாதி. ஆனால் இதை ஒரு தடவையாவது படியுங்கள். ஒரே ஒரு ஊருக்காகக் கப்பலேறக் கூடாது என்பது உடனே புரியும்.

அந்த ஊராவது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் என்று செய்தி வந்ததும் அம்மா போன் பண்ணினாள். நான் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து, நாலு பேர் பெயரும் அடித்துவிட்டேன். “கொழும்புல எறங்கலாம்லாய்யா? ஆச்சி இருந்த தெருவப் பாத்துட்டு வந்துரலாம்லா?” என்று அம்மா கேட்ட பிறகுதான் வழித்தடத்தைப் பார்த்தேன். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. கொழும்பே கிடையாது. அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்பு இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பகலில் சில மணி நேரம் நிற்கிற கப்பலை விட்டு இறங்கி அங்கே போய்வர நினைப்பது பைத்தியக்காரத்தனம். திறந்த பக்கத்தை மூடினேன். ‘இலங்கை’ என்று எழுதியிருந்ததை நாங்கள் ‘கொழும்பு’ என்று படித்திருக்கிறோம்.

உலகம் பூராவும் இதே கதைதான். ‘பாங்காக்’ என்று போட்டிருக்கும். பெரிய கப்பல் பெரும்பாலும் நிற்பது லேம் சாபாங்கில், நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். ‘ரோம்’ என்றால் சிவிட்டாவெக்கியா, எழுபது கிலோமீட்டருக்கு மேல். ‘கோலாலம்பூர்’ என்றால் கிள்ளான் துறைமுகம். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருப்பது நமக்குத் தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது இல்லையா, அது மாதிரி. ஊர் பெயரை நம்பாமல் துறைமுகத்தின் பெயரைக் கேளுங்கள். அங்கிருந்து ஊருக்கு எவ்வளவு நேரம், கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதினாலே பாதிப் பேர் வேறு கப்பல் பார்ப்பார்கள்.

கடைசியில் 2024-ல் நாங்கள் போனது சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்புகிற நாலு ராத்திரிக் கப்பல். அம்மா, நான், மனைவி, பையன், கூட அத்தான் குடும்பம். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பெல்லாம் எங்களுடையது.

முதல் பிரச்சினை புக்கிங்கிலேயே ஆரம்பித்தது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மா பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ இடம் காலி. படிவமோ அதை நிரப்பாமல் நகரவே மாட்டேன் என்கிறது. ஏஜென்ட் பையன் ஒரு இனிஷியலைப் போட்டு அனுப்பிவிட்டான். விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பல் டிக்கெட்டில் ஒரு மாதிரி. மூன்று மின்னஞ்சலும் இரண்டு போன் காலும் ஆனது திருத்த. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். பெயர் காலியாக இருந்தால் என்ன போட வேண்டும் என்று கம்பெனியிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விசா விஷயம் இதைவிட முக்கியம். சிங்கப்பூரில் கப்பலேறினால் நீங்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. நாலு நாள் கழித்து இறங்குவது இரண்டாவது நுழைவு. உங்கள் விசா ஒரே தடவை நுழைவதற்கானது என்றால் திரும்பி வர முடியாது, அதனால் முதலிலேயே ஏற்ற மாட்டார்கள். ‘கப்பல் அங்கேயேதானே திரும்பி வருது’ என்று நாம் நினைப்போம். குடியேற்ற அதிகாரி அப்படி நினைப்பதில்லை. மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நாங்கள் போனபோது இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை. ஆனால் இந்தச் சலுகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. புக் பண்ணும்போது ஒரு தடவை, கிளம்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.

அப்புறம், கப்பலுக்கு முந்தின நாளே துறைமுக ஊரில் இருக்க வேண்டும். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இதை 2023 டிசம்பரை வைத்துச் சொன்னால்தான் உறைக்கும். 17-ம் தேதி பிடித்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி இரண்டு கரையும் புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. ஏறக்குறைய 800 பேர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த ரயிலில் மறுநாள் கப்பலுக்குப் போகிறவர் ஒருத்தர் இருந்திருந்தால்? கப்பல் காத்திருக்காது. புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். பயணிகள் பட்டியல் அதிகாரிகளுக்குப் போய்விடும். பணமும் போச்சு. அவ்வளவு பெரிய வெள்ளம் வேண்டாம், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு சாதாரண ரயில் தாமதமே போதும். அத்தான் “ஒரு ராத்திரி ஓட்டல் செலவு தெண்டம்லா மாப்ள” என்றார். தெண்டம்தான். இன்சூரன்ஸும் ஒன்றும் நடக்காவிட்டால் தெண்டம்தான்.

இன்சூரன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடு கப்பலுக்கும் பொருந்துமா என்று கேட்டு வாங்க வேண்டும். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் அவர் பீஸ் தனி. நடுக்கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்தால் பில் லட்சங்களில் வரும்.

ஏறுகிற அன்றைக்கு நான் செய்த தப்புதான் இன்னும் உறுத்துகிறது. முனையத்தில் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். நேரே அறை வாசலுக்கு வந்துவிடும் என்றார்கள். வந்தது, ராத்திரி ஏழு மணிக்கு! ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஸ்கேன் பண்ணிப் பிரித்து அனுப்ப வேண்டாமா. அம்மாவுடைய சர்க்கரை மாத்திரை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. மதியம் சாப்பாட்டு மேடையில் இருபது வகை இனிப்பு விரித்து வைத்திருக்கிறான். அம்மா வெறும் தயிர்ச்சோறு மாதிரி எதையோ கலந்து சாப்பிட்டுவிட்டு “எனக்குப் பசிக்கலய்யா” என்றாள். பசிக்காமல் இல்லை, பயம். மாத்திரை, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்று உடை இதெல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும்.

அத்தான் பெட்டி எங்களுடையதற்குப் பிறகும் வரவில்லை. உள்ளே மின்சாரக் கெட்டில். கெட்டில், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடேறுகிற சாமான்களைப் பொதுவாகக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். நடுக்கடலில் தீ என்றால் ஓடுவதற்கு இடமில்லை. கீழே போய்க் கையெழுத்துப் போட்டு, கெட்டிலை ஒப்படைத்துவிட்டு, இறங்குகிற அன்றைக்கு வாங்கிக்கொண்டார். வீட்டில் செய்த புளியோதரையும் பிரச்சினையாகலாம். கம்பெனி பாக்கெட்டில் சீல் பண்ணியது தப்பிக்கும். அல்வாவைக் கடையில் நன்றாகப் பேக் பண்ணி வாங்குங்கள். கரையில் இறங்கும்போது சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போகாதீர்கள்.

செலவைப் பற்றி நம்மூர் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் இலவசப் பயணமும் கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். இலவசக் குடைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று அப்போதே கேட்டிருக்கணும். இன்றைய உல்லாசக் கப்பல் விளம்பரமும் அந்தக் குடைதான். பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள், வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியே வருகிறது: குடிவகை, சூதாட்டம், வைஃபை, போட்டோ, கரைச்சுற்றுலா, தனிக் கட்டண உணவகம். துறைமுகக் கட்டணமும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமும் பல சமயம் விளம்பர விலையில் சேராது. குழந்தைக்கும் உண்டு. டெபிட் கார்டைக் கொடுத்தால் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், திரும்ப வர நாளாகும், கிரெடிட் கார்டு நல்லது. பேக்கேஜில் பிடிக்கிற டிசிஎஸ் மட்டும் வீண் போகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

போன்: கப்பலேறியதும் ஃப்ளைட் மோடு. கரை மறைந்ததும் கப்பலின் சொந்த செல் நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். நாம் ஊரில் போட்டுவிட்டு வருகிற ரோமிங் பேக் பொதுவாக அதற்குப் பொருந்தாது.

போனால் வந்த இன்னொரு வினையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக டைம்சோன் பக் சரிசெய்து சம்பளம் வாங்குகிறவன் நான். புக்கெட்டில் இறங்கினோம். ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தோம். போன் மூன்று ஐம்பது காட்டுகிறது. பையன் இன்னொரு இளநீர் கேட்டான், சரி என்று உட்கார்ந்தோம். அம்மா தன் பழைய ஹெச்எம்டி வாட்சைப் பார்த்து, “என்னய்யா, நாலு அம்பது ஆவுதே?” என்றாள். சிங்கப்பூரில் நான்தான் அதைத் திருப்பி வைத்துக் கொடுத்திருந்தேன். தாய்லாந்து சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் நேரத்தை மாற்றவில்லை, என் புத்திசாலி போன் தானாக மாற்றிக்கொண்டது. ஓட்டமாக ஓடிக் கடைசிப் படகைப் பிடித்தோம். அம்மாவை நானும் அத்தானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஏற்றினோம். கப்பல் நேரத்தைக் காட்டுகிற ஒரு சாதா வாட்ச் கையில் இருக்கட்டும்.

வாந்தி மயக்கம் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு. மூக்குப் பக்கம்தான் தூக்கிப்போடும். கையைச் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். கப்பல்களில் பரவுகிற நோரோவைரஸுக்கு வாசலில் தெளிக்கிற சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

கடைசி ராத்திரி மேல்தளத்தில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். “கொழும்பு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். மேற்கே கையைக் காட்டினேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. மூன்று பேருக்கு டிக்கெட் போட்டாச்சு. ‘சர்நேம்’ இடத்தை இந்தத் தடவை நானே நிரப்பினேன்.