இன்வெர்ட்டர் பழுதா? போர்டை மாற்றுமுன் சற்றுப் பொறுங்கள்!

கைக்குழந்தையும் முதியோரும் உள்ள இல்லங்களில் இன்வெர்ட்டர் ஆடம்பரப் பொருளன்று. 2012ஆம் ஆண்டு தமிழகம் கண்ட கடும் மின்வெட்டு, நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதன் அருமையை உணர்த்தியது. அத்தகைய கருவி சஹர் நேரத்தில் திடீரென அடங்கிவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. பழுது பார்க்க வருபவர் 'போர்டு போய்விட்டது' என்கிறார்; ஆயிரக்கணக்கில் செலவு வந்து நிற்கிறது. அதனை ஏற்குமுன் நீங்கள் அறிய வேண்டியவை சில உண்டு.

பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி, டிரான்ஸ்ஃபார்மர் வழியே 230 வோல்ட்டாக உயர்த்துவதே இன்வெர்ட்டரின் பணி. ஆகவே ஆராய்ச்சியைப் பேட்டரியிலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் வெளியே பாருங்கள்

முழுதும் சார்ஜ் ஆகிச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அதனுள் 2 வோல்ட் அறைகள் ஆறு உள்ளன. எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பத்தரை வோல்ட்டைத் தாண்டவில்லையெனில் ஓர் அறை செத்துவிட்டது என ஐயுறலாம். அப்போது குற்றம் போர்டினுடையதன்று.

அடுத்து, முனைகளில் படியும் வெண்பச்சைப் பூச்சு. 600 வாட் சுமைக்குப் பேட்டரி 50 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். தளர்ந்த முனையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் இழப்பாகி, அவ்விடம் கொதிக்கும். பேட்டரி தீர்ந்ததென எண்ணி இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்! இன்வெர்ட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கி, மோதிரம், வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டு, எதிர்முனை வயரை முதலில் எடுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீர் அறைகளுக்குள் புகாதவாறு முனைகளைத் துடைத்து உலர்த்துங்கள். மீண்டும் மாட்டும்போது எதிர்முனை கடைசியாக வரட்டும். அறைகளில் குறைந்திருப்பின் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸையே போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றுவது தீயை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

பழுது உள்ளே இருந்தால்

புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால், 'மாஸ்ஃபெட்' எனும் மின்விசைச் சில்லுகள் ஷார்ட் ஆகியிருக்கலாம். இவை பக்கவாட்டில் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்று ஷார்ட் ஆனாலும் மீட்டரில் அனைத்தும் ஷார்ட் ஆனவைபோலத் தெரியும். கழற்றித் தனித்தனியே சோதித்தாலன்றி உண்மை புலப்படாது. மாற்றும்போது ஒரே எண்ணுள்ளவற்றைத் தொகுதியாக மாற்றுவதே நலம். சோர்ந்த பழையவற்றோடு புதியதைச் சேர்த்தால் சுமை சமமாகப் பங்கிடப்படாது.

ஆனால் எரிந்ததை மாற்றுவது மட்டும் மருத்துவமாகாது. எரிந்ததேன்? நின்றுபோன விசிறி, தூசியும் பூச்சிகளும் அடைத்த காற்றுவழி, தளர்ந்த வெப்பத் தகடு, சேதமுற்ற கேட் ரெசிஸ்டர் அல்லது டிரைவர் பகுதி, தலைகீழாக மாட்டிய பேட்டரி ஆகியவற்றுள் ஒன்று மறைந்திருக்கக்கூடும். அதைக் களையாவிடில் புதியவையும் எரியும், பணமும் கரையும். அனுபவமுள்ள மெக்கானிக், பேட்டரி வயரோடு 12 வோல்ட் வாகன பல்பைத் தொடராக இணைத்தே முதற்சோதனை செய்வார். பல்ப் முழு ஒளியுடன் நிலைத்து எரிந்தால் ஷார்ட் இன்னும் நீங்கவில்லை எனப் பொருள்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

மெயின் சுவிட்சை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் ஓடும் என்பதை மறவாதீர்! வீட்டில் வயரிங் வேலை நடக்கும்போது இன்வெர்ட்டரையும் நிறுத்தி, அதன் வெளியீட்டையும் துண்டியுங்கள். பேட்டரியருகே நெருப்பு கூடாது. சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கவல்லது. ஸ்பானர் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கையைச் சுட்டுவிடும். பயிற்சியில்லாதவர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

எனவே சகோதரிகளே, சகோதரர்களே! அடுத்தமுறை மெக்கானிக் வரும்போது 'எவ்வளவு ஆகும்?' என்று கேட்குமுன், 'எதனால் எரிந்தது?' என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை தருபவரிடம் வேலையை ஒப்படையுங்கள்.