புது மூட்டோடு மலையேறும்போது

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் ஒரு தாளைக் கையில் கொடுப்பார்கள். தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. கட்டிலும் சாப்பாட்டு மேசையும் உட்காரும் கழிப்பறையும் இருக்கிற சேலத்து அடுக்குமாடி வீட்டில் இதையெல்லாம் கடைப்பிடிப்பது பெரிய பாடில்லை. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ இருப்பவர் என்ன செய்வார்? அடுப்பு தரையில். சாப்பாடு தரையில். சாமை புடைப்பதும் காபிக் காயைக் கிளறிக் காயவைப்பதும் தரையில். கழிப்பறை இருந்தாலும் பெரும்பாலும் குந்துகிற கழிப்பறைதான். வாசலுக்கும் தார்ச் சாலைக்கும் நடுவே ஒரு சரிவு வேறு.

அதனால் மலையில் இருப்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. அறுவைக்குத் தேதி வாங்கிய அன்றே வீட்டில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், வந்த முதல் நாளே குந்த வேண்டியிருக்கும்.

மூட்டு ஏன் கெடுகிறது

தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள், ஆட்டுக்கல் குழவி குழியில் சுழல்வதுபோலச் சுழல்கிறது. வயதானவர்களுக்கு இது பெரும்பாலும் விழுந்து உடைகிறது. ஈரமான படி, பாசி பிடித்த முற்றம், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழி, இவை போதும். பந்துக்குக் கீழே கழுத்துப் பகுதி முறிந்தால் பந்துக்குப் போகும் ரத்தம் தடைபடும். கட்டுப் போட்டு ஒட்டவைப்பது நடக்காது. இந்த மாதிரி முறிவுக்குப் பல முதியவர்களுக்குப் பந்தை மட்டும் மாற்றுவார்கள். தேய்மானம் உள்ளவர்களுக்குப் பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றுவார்கள்.

இன்னொரு கூட்டம் முப்பது, நாற்பது வயது ஆண்கள். அவர்களுக்கு வருவது, ரத்த ஓட்டம் குறைந்து பந்து உள்ளுக்குள்ளேயே செத்துப்போகிற நோய். மிதமிஞ்சிய குடியும், மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரைகளும் முக்கியக் காரணங்கள். மூச்சிரைப்புக்கும் மூட்டுவலிக்கும் பெயர் தெரியாத பொடியும் மாத்திரையும் வாங்கிச் சாப்பிடுகிற பழக்கம் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. அந்தப் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்லப் போவதில்லை.

எங்கே, என்ன செலவில்

மலைமேல் செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மூட்டு மாற்றுக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும். நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்றும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அட்டை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் வலி பொறுக்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

வளைவுகளில் ஏறுவது

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அறுவை முடிந்து ஒரு வாரத்துக்குள் இந்தப் பாதையில் பேருந்தில் ஏறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேருந்தின் முதல் படியே உயரம். வளைவில் உடம்பு சாயும்போது பிடித்துக்கொள்ள வேகமாக முறுக்கித் திரும்புவோம். புது மூட்டு வெறுக்கிற அசைவு அதுதான். உறவினர் வீடு நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ இருந்தால், தையல் பிரிக்கும்வரை, அதாவது இரண்டு வாரம், அங்கே தங்கிவிட்டு வருவது உத்தமம்.

முடியாதென்றால் கார். முன் இருக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, மேலே கெட்டியான தலையணை ஒன்று போடுங்கள். முதலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே கொண்டுவர வேண்டும். தலையணைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தால் உடம்பு வழுக்கித் திரும்பும், இடுப்பு முறுக்காது. உட்கார்ந்த பிறகு பையை உருவிவிடுங்கள். வழியில் நிறுத்தி, இறங்கி, வாக்கரோடு நாலு அடி நடந்துவிட்டு ஏறுங்கள். பயணம் முழுக்கப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க இது உதவும்.

வீட்டை உயர்த்துங்கள்

விதி ஒன்றுதான்: உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் இந்த அளவில் பாருங்கள்.

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து இடுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்மேல் பலகை போட்டு, கால்களுக்கு அடியில் செங்கல் கட்டி உயர்த்துங்கள். செங்கல் ஆடாமல் சிமென்ட் வைத்துப் பூசிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி தனியாக என்றால் தாழ்வு; கை வைத்த இரண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகினால் உயரமும் கிடைக்கும், பலமும் கூடும். எழும்போது கைப்பிடியை ஊன்றி, அறுவை செய்த காலைச் சற்று முன்னே நீட்டி எழ வேண்டும்.

கழிப்பறைக்கு, நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி மருந்துக்கடைகளிலும் மருத்துவச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். அதைக் குந்தும் பீங்கான்மேலேயே நிறுத்திவிடலாம். சுவரில் ஒரு குழாய்க் கைப்பிடி அடித்துவிடுங்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும்; கீரை, பழம், நிறையத் தண்ணீர், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கேட்டு மருந்து. முக்குவது நல்லதல்ல.

அடுப்பை மேடையில் ஏற்ற முடியாவிட்டால், சமைப்பவர் மூன்று மாதம் வேறொருவராக இருக்கட்டும். இதை எழுதுவது சுலபம். மூட்டு மாற்றிக்கொண்டவர் வீட்டுப் பெண் என்றால் இரண்டாம் வாரமே அடுப்படிக்குப் போய்விடுகிறார். தடுப்பாரும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. அறுவைக்குக் கையெழுத்துப் போடும் கணவரும் மகனும் சமையலுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் ஆறு வாரம்

அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரோடு நிற்க வைப்பார்கள். பயப்பட வேண்டாம், படுத்தே கிடப்பதுதான் கெடுதல். பாதத்தை ஆட்டுவது, தொடையை இறுக்கித் தளர்த்துவது, பிட்டத்தை இறுக்குவது, காலைப் பக்கவாட்டில் விலக்குவது, இந்தப் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார். ஒருவர் நொண்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், பக்கவாட்டுத் தசை வலுப்பெறாததுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டு தொடைக்கும் நடுவே தலையணை வைத்துத் தூங்குங்கள். கால்மேல் கால் போடாதீர்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். கைத்தடிக்கு மாறியபின் தடி அறுவை செய்யாத பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். மழைக்காலச் சரிவுக்கு ரப்பர் செருப்பு ஆகாது. பின்பக்கம் பட்டை உள்ளது வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஊசியையோ மாத்திரையையோ, சிலருக்கு 35 நாள் வரைகூட எழுதுவார்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.

மூட்டு நழுவாமல் காக்கும் தடைகள் எவ்வளவு நாள், எவ்வளவு கடுமையாக என்பது, அறுவையை முன்பக்கமாகச் செய்தார்களா, பின்பக்கமாகவா என்பதைப் பொறுத்து மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பது நோயாளியின் உரிமை.

வலி போன பிறகு

மூட்டு நழுவும் ஆபத்து முதல் மூன்று மாதத்தில்தான் அதிகம். வலியோ மூன்றாம் நான்காம் வாரத்திலேயே பெரிதும் அடங்கிவிடுகிறது. ஆக, "வலிதான் போச்சே" என்று தோட்டத்துக்குப் போகும் நாட்களும் மூட்டு இன்னும் உறுதிப்படாத நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. இந்தச் சமயத்தில்தான் எண்ணெய் போட்டு நீவி விட ஆள் வருவார். நாட்டுக் கட்டு வைத்தியர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உலோக மூட்டை இழுத்து நீவுவது எந்த வைத்தியத்திலும் சேர்த்தியில்லை.

சமதரையில் நடை, காபிச் செடிக்கு நடுவே நின்றுகொண்டு பழம் பறிப்பது, மேசையில் வைத்து மிளகு உதிர்ப்பது எல்லாம் மூன்று மாதத்துக்குப் பின் மெல்லத் தொடங்கலாம். இருசக்கர வாகனத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம். மிளகுக் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுவதை மட்டும் இனி விட்டுவிடுங்கள். மூட்டைச் சுமை தூக்குவதையும் அப்படியே. ஆகாய கங்கை அருவிப் படிகளையும் சேர்த்துக்கொள்வேன், ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. தாம்பத்திய உறவு பற்றி யாரும் கேட்பதில்லை, மருத்துவரும் சொல்வதில்லை. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின், இடுப்பு அதிகம் மடங்காத நிலையில் கூடலாம்.

வயதாகிவிட்டது என்று தள்ளிப்போடுபவர்களுக்கு: இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 1995இல், 95 வயதில் ஒரு பக்கமும், 1998இல் மறுபக்கமும் மாற்றினார்கள், அவர் 101 வயதுவரை வாழ்ந்தார். இளையவர்கள் வேறு கணக்குப் போட வேண்டும். 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டு நிலைக்கின்றன. முப்பத்தைந்து வயதில் மாற்றிக்கொண்டவருக்கு இன்னொரு அறுவை வரக்கூடும். குடியை விடுவதும், எடை ஏறாமல் பார்ப்பதும் அவருக்கு மாத்திரையைவிட முக்கியம்.

எப்போது 108

கால் கொஞ்சம் வீங்குவது சில வாரம் இருக்கும். உயர்த்தி வைத்தால் குறையும். கெண்டைக்கால் இறுகி, சிவந்து, இரவு படுத்தும் வீக்கம் இறங்காவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே 108. திடீரென்று கடும் வலியெடுத்து, கால் குட்டையாகி, ஒரு பக்கம் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கிறது. காலை இழுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். வீட்டில் எந்த இடத்தில் போன் சிக்னல் கிடைக்கும், சாலைவரை தூக்கிவர யார் வருவார் என்பதை முன்பே பேசி வைத்திருங்கள்.

காயத்தில் சீழ், நீர்க்கசிவு, காய்ச்சல் இவற்றைக் காட்டத் தாமதிக்கக் கூடாது. பல ஆண்டு கழித்தும் காலில் ஆறாத புண், பல் சீழ், சிறுநீர்த் தொற்று வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து உலோக மூட்டில் போய்த் தங்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதல் ஆபத்து. எந்த மருத்துவரிடம் போனாலும், பல் மருத்துவர் உட்பட, மூட்டு மாற்றியதை முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரும் மூட்டின் ஸ்டிக்கரைப் போனில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துவிடுங்கள். மறுபடி அறுவை செய்ய நேர்ந்தால், உள்ளே இருப்பது எந்த மாதிரி மூட்டு என்று அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் மருத்துவர் தெரிந்துகொள்வார்.