உப்பளத்தில் கற்ற வயல் பாடம்

கிணற்று நீர் உவர்க்கிறது, பாய்ச்சினால் மண்ணில் வெள்ளை பூக்கிறது என்று விருதுநகர் மாவட்டத்தில் பல விவசாயிகள் குறைப்படுகிறார்கள். இது ஏன் என்பதை ஒரே நாளில் பஸ்ஸில் போய்க் கண்ணாரப் பார்த்து வரலாம். பங்குனி மாதம் ஒரு நாள் அவ்வாறு நான்கு பேர் சென்று வந்தோம்.

விடியற்காலையில் சிவகாசியில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்பு சேர்ந்தோம். அங்கிருந்து வேறு பஸ்ஸில் பிளவக்கல். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். மலைக்காட்டில் பெய்த மழை ஏரி போல் தேங்கி நிற்கிறது. நாக்கில் வைத்தால் உப்பே தெரியாது. இந்த நீர் வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களை நிரப்புகிறது. மிச்சம் அர்ச்சுனா நதி வழியாக இருக்கன்குடியில் வைப்பாற்றுடன் கூடி, விளாத்திகுளம் தாண்டிக் கடலுக்குப் போகிறது.

நாங்களும் கடலை நோக்கித் திரும்பினோம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. ஊரைச் சுற்றி உப்பளங்கள். அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதையோ, நிலத்தடி உவர்நீரையோ இறைத்து, பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் சுண்ட விடுகிறார்கள். கடைசிப் பாத்தியில் நீர் கீழே இறங்காதபடி தரையைக் கெட்டிப்படுத்தி வைத்திருக்கிறார்கள். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது. உப்பு தங்கிவிடுகிறது. அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். மழை வந்தால் பிழைப்பு கரையும். பட்டாசைக் காயப்போடும் நம் ஊர்க்காரர்களுக்கும் இதே கவலைதானே!

பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த மிளகாய் விவசாயி ஒருவர், தம் தோட்டமும் இப்படித்தான் ஆகிவருகிறது என்றார். அவர் சொன்னது சரிதான். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள கிணற்று நீரை ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர் ஆகிறது. அதோடு 200 கிலோ உப்பும் வயலில் சேருகிறது. 10 தண்ணீருக்கு 2 டன்! மழையும் வடிகாலும் இதை வெளியேற்றாவிட்டால், வயலிலேயே உப்பளம் போட்டவர்கள் ஆவோம்.

முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். உவர் நிலமானால், மழைக்கு முன் வயலைச் சமன் செய்து வரப்பை உயர்த்தி, மழைநீரை நிற்க வைக்க வேண்டும். உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கும். தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வெட்டுவது அவசியம். ஜிப்சம் களர் நிலத்துக்கே உதவும். பரிசோதிக்காமல் வாங்கிப் போட்டால் காசு வீண். தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுவது இரண்டுக்கும் நல்லது. உப்பைப் பருத்தி ஓரளவு தாங்கும். வெங்காயமும் மிளகாயும் அவ்வளவு தாங்கா.

இரவு பஸ்ஸில் ஊர் திரும்பும்போது எங்கள் பேச்சு முழுவதும் வடிகாலைப் பற்றியே இருந்தது. உப்பளத்தார் அஞ்சும் மழைதான் உவர் வயலுக்கு மருந்து. ஐப்பசி மழை வருமுன் வரப்பைச் சரி செய்துவிடுங்கள்.