வீடு யார் பெயரில்?

மூணாறிலும் நெல்லியாம்பதியிலும் தோட்டத் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்கிறார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள சின்னச் சின்ன வீடுகள். கூரை இருக்கிறது. அடுப்பு எரிகிறது. ஆனாலும் இவர்கள் வீடு இல்லாதவர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அது வேலையோடு வந்த வீடு. ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பமானாலும் இதே கதிதான். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால் லயத்தில் தொடர்ந்து இருக்கலாம். படிப்பை விட்டுச் சில பிள்ளைகள் தோட்டத்துக்கே திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களை மண் மூடியது. 70 உயிர்கள் போயின. தப்பிய 8 குடும்பங்களுக்குக் குட்டியார்வாலியில் அரசு நிலம் கொடுத்தது. தோட்டக் கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. 2021-இல் சாவி கைக்கு வந்தது.

இது விரைவாக நடந்த நல்ல வேலை. ஆனால் மற்ற லயங்களில் இருப்பவர்கள்? அவர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

கேரள அரசு 2016-இல் 'லைஃப்' என்ற வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் பாதியில் நின்ற வீடுகளை முடித்தார்கள். அடுத்து, நிலம் உள்ளவர்களுக்கு வீடு கட்டப் பணம் கொடுத்தார்கள். பொதுவாக ஒரு வீட்டுக்கு 4 லட்சம் ரூபாய். நிலமே இல்லாதவர்களின் முறை மூன்றாவதாகத்தான் வந்தது. மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கான வீடுகள் எழுந்தன. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் லயத்துக் குடும்பம் வரிசையின் கடைசியில் நின்றது.

ஆகவே ஒரு திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, எத்தனை வீடு என்று கேட்டால் மட்டும் போதாது. பட்டா யார் பெயரில்? பெண்ணின் பெயரும் அதில் உண்டா? தண்ணீர் வருகிறதா? வேலைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம்? பஸ் கூலியே சம்பளத்தில் பாதியைத் தின்றால் அந்த வீடு பூட்டிக் கிடக்கும்.

2022-இல் லைஃப் பட்டியல் வந்தபோது, பெயர் விடுபட்டவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். பிறகு பட்டியல் கிராம சபைக்கு வந்தது. இனி ஒரு பட்டியல் வந்தால் உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள். அடுத்த வருடம் ஓய்வு பெறும் பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் இருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.