ஒரு துளையை நம்பி ஒரு குளிர்காலம்

தகவமைப்பு பற்றிய பாடத்தில் துருவப் பகுதி விலங்குகள் வந்துவிட்டால், கரும்பலகையில் நாம் எழுதும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: தடித்த கொழுப்பு, அடர்ந்த உரோமம், வெண்ணிறம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்விலும் பிழையின்றி எழுதிவிடுவார்கள். ஒருமுறை, அண்டார்டிகாவின் சீல்களில் ஒருவகை குளிர்காலத்தின் பெரும்பகுதியைக் கடல்நீருக்குள்ளேயே கழிக்கும் என்று வகுப்பில் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அவ்வளவு குளிர்ல தண்ணிக்குள்ள போய் ஏன் சார் இருக்கணும்? மேல பனிக்கட்டி மூடியிருக்குமே, மூச்சு எப்படி விடும்?"

இரண்டுமே நல்ல கேள்விகள். நம் பட்டியலில் இரண்டுக்கும் விடை இல்லை. அந்த விடைகளைத் தேடிப் போனால், தகவமைப்பு என்ற சொல்லுக்கே நாம் தரும் பொருள் சற்று மாறுகிறது.

யார் இந்தச் சீல்?

சீல் என்பது பாலூட்டி. தமிழில் இதைக் கடல்நாய் என்றும் சொல்வதுண்டு. நுரையீரலால்தான் சுவாசிக்கும். எனவே எவ்வளவு நேரம் நீருக்குள் இருந்தாலும் காற்றுக்காக மேலே வந்தாக வேண்டும்.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் பிப்ரவரி மாதத்தில் சுமார் 30 இலட்சம் சதுர கி.மீ. பரப்பில்தான் பனி மிதக்கும். குளிர்காலம் முடியும் செப்டம்பரில் அது சுமார் 1.8 கோடி சதுர கி.மீ. ஆகப் பரவிவிடும். பெரும்பாலான சீல் இனங்கள் இந்தப் பனியின் வெளி விளிம்புப் பக்கம், துண்டு துண்டாக மிதக்கும் பனிக்கிடையே வாழ்கின்றன. அங்கே மூச்சுவிட இடைவெளிக்குப் பஞ்சமில்லை.

வெடல் சீல் மட்டும் வேறு இடத்தைத் தேர்ந்துகொண்டது. கரையோடு ஒட்டி, ஒரே பலகையாக உறைந்து கிடக்கும் கடற்பனிக்கு அடியில் அது வாழ்கிறது. 1820களில் அந்தக் கடற்பகுதியில் பயணம் செய்த பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் வெடலின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. வளர்ந்த விலங்கு ஏறக்குறைய 3 மீட்டர் நீளமும் 400 முதல் 500 கிலோ எடையும் இருக்கும். உலகின் பாலூட்டிகளில் மிகத் தெற்கே குட்டி ஈன்று வாழும் காட்டுவிலங்கு இதுவே. தென் அட்சரேகை 77 டிகிரிக்கும் அப்பால் உள்ள மக்மர்டோ நீரிணையில் இவை ஆண்டு முழுவதும் காணப்படுகின்றன. அங்கே ஏப்ரல் கடைசியில் மறையும் சூரியன் ஆகஸ்டு பிற்பகுதியில்தான் மறுபடி உதிக்கும்.

நீருக்குள் ஏன்?

மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். கிணற்று நீர் சூடாவதில்லை, வெளிக்காற்று குளிர்ந்துவிடுகிறது. அண்டார்டிகாவிலும் கதை இதுதான்; அளவுகள்தாம் பெரியவை.

உப்பு கலந்திருப்பதால் கடல்நீர் 0° செல்சியசில் உறைவதில்லை. ஏறக்குறைய –1.9° செல்சியசில்தான் உறையத் தொடங்கும். ஆகவே பனிக்கு அடியில் உள்ள நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த அளவோடு நின்றுவிடுகிறது. பனிக்கு மேலே அப்படி எல்லை எதுவும் இல்லை. குளிர்காலத்தில் காற்றின் வெப்பநிலை –40° செல்சியசுக்கும் கீழே போவதுண்டு. அதனுடன் பனிப்புயலும் சேர்ந்துகொள்ளும்.

காற்றைவிட நீர் உடல் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும் என்பது உண்மைதான். அங்கேதான் தோலுக்கு அடியில் உள்ள தடித்த கொழுப்புப் படலம் உதவுகிறது. தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைச் சீல் குறைத்துக்கொள்ளும். தோல் ஏறக்குறைய நீரின் குளிர்ச்சிக்கே இறங்கிவிட, உட்பகுதி மட்டும் சூடாக இருக்கும். தோலுக்கும் நீருக்கும் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு இல்லாததால் வெப்ப இழப்பும் குறைகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கொல்லும் திமிங்கிலமும் சிறுத்தைச் சீலும் இந்தக் கடல்களின் வேட்டையாடிகள். அவையும் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டியவை. பல கிலோமீட்டர் தூரம் திறப்பே இல்லாத பனிக்கூரைக்கு அடியில் நுழைய அவற்றால் இயலாது. வெடல் சீலுக்குப் பனி ஒரு கோட்டைச்சுவர்.

பல்லால் காக்கும் வாசல்

கோட்டைக்கு வாசல் வேண்டும். ஓதம் ஏறி இறங்கும்போது கரையோரமும் பனிப்பாறைகளைச் சுற்றியும் கடற்பனியில் வெடிப்புகள் விழும். சீல் அந்த வெடிப்புகளில்தான் தன் மூச்சுத் துளையை அமைத்துக்கொள்கிறது. ஆனால் குளிர்காலத்தில் திறந்த நீர் உடனே உறையத் தொடங்கிவிடும். குளிர்காலக் கடைசியில் பனியின் தடிமன் ஏறக்குறைய 2 மீட்டரை எட்டும். துளையை விட்டுவிட்டால் மூடிக்கொள்ளும்.

எனவே சீல் வாயை அகலத் திறந்து, தலையை இடமும் வலமுமாக அசைத்து, மேல்தாடையின் வெட்டுப்பற்களாலும் கோரைப்பற்களாலும் துளையின் விளிம்பை அரம் போல அராவுகிறது. இதற்கு ஏற்றாற்போல் அந்தப் பற்கள் சற்று முன்னோக்கி நீண்டிருக்கும். இந்த வேலை குளிர்காலம் முழுவதும் ஓயாது.

பற்கள் திரும்ப வளர்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் தேய்கின்றன. தேய்ந்த பல்லின் உட்கூழ் வெளிப்பட்டால் சீழ் பிடிக்கும். பல் தேய்வு வெடல் சீலின் இறப்புக்கு ஒரு காரணம் என்று 1969-ஆம் ஆண்டிலேயே இயன் ஸ்டிர்லிங் என்ற ஆய்வாளர் எழுதினார். எதிரியிடமிருந்து காக்கும் அதே பனி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லை வாங்கிக்கொள்கிறது.

ஒரு மூச்சின் கணக்கு

துளைக்குத் திரும்ப வேண்டும் என்ற இந்தக் கட்டாயமே விஞ்ஞானிகளுக்கு ஒரு வழியைத் திறந்தது. 1960களில் ஜெரால்டு கூய்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மக்மர்டோவில், அருகில் வேறு திறப்பே இல்லாத இடத்தில் பனியில் ஒரு துளை வெட்டி, சீலை அங்கே கொண்டுவந்து விட்டார். அதன் உடலில் ஆழத்தையும் நேரத்தையும் பதியும் ஒரு சிறு கருவியைப் பொருத்தியிருந்தார். சமையலறையில் பயன்படும் நேரங்காட்டியைக் கொண்டு செய்யப்பட்ட கருவி அது! சீல் எங்கே போனாலும் அதே துளைக்குத்தான் வந்தாக வேண்டும். கருவியும் கூடவே வந்துவிடும்.

வெடல் சீலால் 600 மீட்டர் ஆழத்துக்கும் மேல் மூழ்க முடியும், ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சடக்க முடியும் என்று இத்தகைய ஆய்வுகள் காட்டின. மூழ்கும் முன் அது நுரையீரலை நிரப்பிக்கொள்வதில்லை. மாறாக, மூச்சை வெளியே விடுகிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் நுரையீரலில் இல்லை; இரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் மனிதரைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இரத்தம் அதற்கு உண்டு. தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மையோகுளோபினும் நம்மைவிடப் பன்மடங்கு அதிகம். மூழ்கும்போது இதயத்துடிப்பு வெகுவாகக் குறைந்து, கிடைக்கும் இரத்தம் முதலில் மூளைக்கும் இதயத்துக்கும் போகிறது.

இவ்வளவு திறன் இருந்தும், பெரும்பாலான மூழ்கல்கள் 20 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. அந்த அளவைத் தாண்டினால் தசைகள் ஆக்சிஜன் இல்லாமல் ஆற்றலை உண்டாக்கத் தொடங்கும். லாக்டிக் அமிலம் சேரும். முக்கால் மணி நேரம் மூழ்கினால், உடல் பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரம் வேட்டை இல்லை. கடன் வாங்கிச் செலவு செய்வதைவிட, கையிருப்புக்குள் பலமுறை போய்வருவதே இலாபம் என்பது சீலின் கணக்கு.

இருளில் இரையும் வயிற்றில் கருவும்

நான்கு மாதம் சூரியன் இல்லை. மங்கிய ஒளியிலும் பார்க்கும் பெரிய கண்களும், நீரின் சிறு அசைவையும் உணரும் மீசை மயிர்களும் துணை. வெள்ளிமீன் எனப்படும் சிறு மீன்களிலிருந்து, மனித உயரத்துக்கு வளரும் பல்மீன் வரை இதன் உணவு. பனியின் அடிப்பக்க இடுக்குகளில் ஒளிந்திருக்கும் சிறு மீன்களை, மூக்கிலிருந்து காற்றுக் குமிழ்களை ஊதி வெளியே விரட்டிப் பிடிப்பதும் படம்பிடிக்கப்பட்டுள்ளது.

இந்த வேட்டை தாய்ச்சீலுக்குத் தனக்காக மட்டும் அன்று. கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும், கரு சில வாரங்கள் கருப்பையில் ஒட்டாமல் காத்திருந்து, பிறகே வளரத் தொடங்கும். ஆகவே கரு வளர்வதும் குளிர்காலத்தில்தான். அக்டோபர் வாக்கில் பனியின் மேல் 25 முதல் 30 கிலோ எடையுள்ள ஒரு குட்டி பிறக்கும். கொழுப்பு மிகுந்த தாய்ப்பாலில் அது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் எடை கூடும். ஆறு வாரத்தில் தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கக்கூடும். இருளில் அந்தத் துளை வழியே பிடித்த மீன்களே வசந்தத்தில் பாலாகின்றன.

வடக்கே வேறொரு விடை

வடதுருவக் கடலின் வளையச் சீலுக்கும் இதே சிக்கல் உண்டு. 50 முதல் 70 கிலோ எடையுள்ள அந்தச் சிறிய விலங்கு, பல்லுக்குப் பதிலாக முன்துடுப்பின் வலிய நகங்களால் துளையைக் காக்கிறது. அங்கே பனிக்கரடி இருக்கிறது. ஆகவே துளைக்கு மேல் குவிந்த பனிப்பொழிவுக்குள் குகை குடைந்து, அதற்குள் குட்டியை ஈனுகிறது. அதன் குட்டி வெள்ளை நிறம். அண்டார்டிகாவில் நிலத்தில் வேட்டையாடும் பாலூட்டி எதுவும் இல்லை. வெடல் சீலின் குட்டி திறந்த வெளியில், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் படுத்திருக்கிறது. 'துருவ விலங்கு என்றால் வெண்ணிறம்' என்ற நம் பட்டியல் வரி இங்கே தடுமாறுகிறது. நிறத்தின் காரணம் பனி மட்டுமல்ல, பார்க்கும் கண்ணும்தான்.

கூடினாலும் குறைந்தாலும்

2000 மார்ச்சில் ராஸ் பனியடுக்கிலிருந்து பி-15 என்ற மாபெரும் பனிப்பாறை உடைந்தது. அதன் பரப்பு சுமார் 11,000 சதுர கி.மீ. அதன் துண்டுகள் மக்மர்டோ பக்கம் வந்து தடுத்து நின்றதால், கோடையில் வெளியேற வேண்டிய கடற்பனி சில ஆண்டுகள் வெளியேறாமல் தடித்துப் போனது. எரிபஸ் விரிகுடாவில் பிறக்கும் வெடல் சீல் குட்டிகளின் எண்ணிக்கை அப்போது குறைந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் சீல்களுக்கு அடையாளமிட்டுக் கணக்கெடுத்து வந்ததால்தான் இந்த மாற்றம் தெரியவந்தது.

இப்போது கவலை மறுபக்கம். 2023 செப்டம்பரில் அண்டார்டிகக் கடற்பனியின் உச்சப் பரப்பு சுமார் 1.7 கோடி சதுர கி.மீ. மட்டுமே. 1979-இல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவுகளில் இதுவே மிகக் குறைந்த உச்சம். வெடல் சீலுக்குக் குட்டி வளரும் வரை உடையாத பனி வேண்டும்; பல்லால் காக்கக்கூடிய வெடிப்பும் அதில் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அதன் வாழ்வு.

வகுப்பறையில்

ஒரு டம்ளரில் பொடித்த பனிக்கட்டியை இட்டு வெப்பநிலையை அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கைப்பிடி உப்பைக் கலந்து மறுபடி அளக்கட்டும். 0°-க்குக் கீழேயும் நீர் நீராக இருப்பதைக் கண்ணால் காண்பார்கள். சுழியத்துக்குக் கீழே அளவுகள் உள்ள ஆய்வக வெப்பமானி தேவை.

அடுத்து, கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் 'பயன்', மறுபக்கம் 'விலை'. பனிக்கூரை: எதிரி வரமாட்டான், மூச்சுக்கு ஒரே வழி. பல்: துளை காக்கும், தேய்ந்து போகும். நீண்ட மூழ்கல்: தூரம் போகலாம், ஓய்வு அதிகம் வேண்டும். ஒட்டகம், சப்பாத்திக்கள்ளி, வௌவால் என்று மாணவர்களே பட்டியலை நீட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே விலையைத் தேட வேண்டும் என்பதே விதி.

தகவமைப்பை இயற்கை இலவசமாகக் கொடுத்த பரிசுபோல நாம் கற்பித்து வந்திருக்கிறோம். விலை இருப்பதால்தான் சூழல் சற்று மாறினாலும் கணக்கு தவறிவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட குழந்தைக்குக் காலநிலை மாற்றம் ஏன் ஆபத்து என்று தனியே பாடம் நடத்த வேண்டியதில்லை. அன்று கேள்வி கேட்ட மாணவி, விடைகளைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்டாள்: "பல்லு தேஞ்சு போச்சுன்னா அந்தத் துளை என்ன சார் ஆகும்?" மூடிக்கொள்ளும் என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.